அன்னலட்சுமி காரின் கறுப்புப் புகை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு புகைப் பரிசோதனை நிலையத்தில், அன்னலட்சுமியின் காரை ஒருவன் மிதித்துக்கொண்டிருந்தான். மிதிப்பது என்றால் சும்மா மிதி இல்லை. கியர் போடாமல், நின்ற இடத்திலேயே, எக்சலேட்டரை அடிமட்டம் வரை அமுக்கி, எஞ்சின் அலறும்வரை பிடித்து, விட்டு, மறுபடியும் அமுக்கினான். புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகி, அதன் மறுமுனையைக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு மிதிக்கும் பின்னாலிருந்து கரேலென்று புகை கிளம்பி, கூரைத் தகரத்தில் முட்டி, வரிசையில் நின்றவர்களின் முகத்துக்குத் திரும்பி வந்தது.

அந்தக் கார் வீட்டுக்கு வந்து பதினைந்து வருஷம். அதை இப்படி யாரும் மிதித்ததில்லை. அன்னலட்சுமிக்கு வயிறு எரிந்தது.

"மெதுவா மிதிங்க. ஒங்க சொந்தக் காரா இருந்தா இப்பிடி மிதிப்பீங்களா?"

"இப்பிடித்தான் அக்கே டெஸ்ட். எல்லா வாகனத்துக்கும் ஒரே மாதிரிதான்" என்றான் அவன். சட்டைப் பையில் நிரோஷன் என்று பெயர் தைத்திருந்தது. சிங்களச் சாயல் அடித்த தமிழ். முப்பது வயது இருக்கும். நாளெல்லாம் அடுத்தவர்களின் புகையைக் குடித்துக் குடித்து அலுத்துப்போன முகம்.

கடைசி மிதி முடிந்ததும் கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்து வந்தது. சிவப்பு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பெயில் அக்கே."

அந்த நேரம் பார்த்துத்தானா அது வர வேண்டும்? வாசலுக்கு முன்னால் ஒரு பஸ் கியர் மாற்றி மேட்டில் ஏறியது. அது விட்ட புகையில் எதிர்ப்பக்கத்து மருந்துக் கடையின் பெயர்ப்பலகை கொஞ்ச நேரம் காணாமல் போயிற்று. குடை பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"அந்தா போகுது பாருங்க" என்று அன்னலட்சுமி கையை நீட்டினாள். "அதுக்கு யாரு பாஸ் குடுத்தது? அத நிப்பாட்டி அதுட குழாய்ல கம்பியச் செருகுங்க பாப்போம். செருக மாட்டீங்க. என்னய மாதிரி ஒருத்தி வந்தாத்தான் ஒங்க கம்பி வேல செய்யும்."

வரிசையில் நின்றவர்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் போனைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் எல்லாருடைய மனசிலும் அதே கேள்விதான் இருந்தது. ஆனால் அவர்களுடைய வாகனமும் உள்ளே போக வேண்டுமே. அதனால் கேள்வியை அவள் வாயில் விட்டுவிட்டு அவரவர் சிவனே என்று நின்றார்கள்.

நிரோஷன் கடதாசியை நீட்டினான். "அக்கே, ஒரு விசயம் சொல்றன்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். ஒங்க விசயமெல்லாம் எனக்குத் தெரியும்."

அவன் கையை நீட்டப் போகிறான், ஏதாவது கேட்கப் போகிறான் என்று அவள் நினைத்தாள். இந்த மாதிரி இடங்களைப் பற்றி அவள் கேள்விப்பட்ட கதைகள் அப்படி. அவன் வாயை மூடிக்கொண்டான். பின்னால் இன்னும் பதினொரு வாகனம் நின்றது. அவனுக்கும் என்ன தலையெழுத்து.

அன்னலட்சுமிக்கு நாற்பத்தொன்பது வயது. பன்விலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்தவள். மூக்கு நுனியில் கோபம் என்று தோட்டத்தில் அவளைச் சொல்வார்கள். அவள் வருவதைக் கண்டால் கடைக்காரன் தராசைத் துடைத்து வைப்பான். அந்தக் கோபத்தை யாரும் அவளுக்குச் சும்மா கொடுத்துவிடவில்லை. இருபத்தாறு வயதில் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். எட்டு வருஷம் இருந்தாள். திரும்பி வந்தபோது, விட்டுப்போன கைக்குழந்தை ஒன்பது வயதுப் பிள்ளையாக வாசலில் நின்று, "அப்பா, யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டது. அன்றைக்கு அவள் ஒரு சத்தியம் செய்தாள். இனி என்ன வந்தாலும் பிளேன் ஏறுவதில்லை.

குவைத் காசில் வாங்கியதுதான் அந்தக் கார். டீசலில் ஓடும் ஒரு பழைய ஜப்பான் வேகன். அவள் புருஷன் கணேஸ் அதில் ஹயர் ஓடினான். வைத்தியசாலைக்கு, கல்யாணத்துக்கு, சாவு வீட்டுக்கு என்று பதின்மூன்று வருஷம் ஓட்டினான். காரைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். பாரிசவாதம். வலது கை விழுந்துவிட்டது, கால் பாதி வந்தது, பேச்சு இழுத்து இழுத்து வந்தது. ஒரு வசனம் முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.

அதற்குப் பிறகு அவளே ஓட்டப் பழகினாள். நாற்பத்தேழு வயதில், தோட்டத்து ரோட்டில், லயத்து ஆம்பிளைகள் எல்லாம் மதிலில் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க. "கொழுந்துக் கூடைய சுமக்கிறவ ஸ்டியரிங்க சுமக்கப் பாக்குறா" என்றான் ஒருத்தன். அவள் காரை நிறுத்தி, இறங்கி, அவனுடைய தாய் தகப்பனை இழுத்து நாலு கேள்வி கேட்டுவிட்டு, மறுபடியும் ஏறி ஓட்டினாள். இரண்டாம் தடவையில் லைசன் எடுத்தாள். கோபம் இல்லாவிட்டால் அவள் அன்றைக்கே சாவியைத் தூக்கிப் போட்டிருப்பாள். அதை அவளே சொல்லுவாள்.

இப்போது கார் ஓடுவது மூன்று டீச்சர்மாரை வைத்துத்தான். காலையில் வத்தேகம பஸ் நிலையத்தில் அவர்களை ஏற்றி, மேலே தோட்டத்துப் பாடசாலையில் விட்டு, பள்ளி விட்டதும் மறுபடி அங்கேயே கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும். மாசம் முழுக்க நிச்சயமான ஓட்டம் அது ஒன்றுதான். வீடு அதில்தான் நடக்கிறது. கணேஸின் மருந்தும் அதில்தான். காரின் வருமான லைசன், கண்ணாடியில் ஒட்டுகிற அந்த வட்டத் துண்டு, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. புதிதாக எடுக்கப் புகைப் பரிசோதனையில் பாஸ் ஆன கடதாசி வேண்டும். இரண்டு மாசத்துக்கு முன் லைசன் இல்லாத ஒரு வேனைப் பொலிஸ் பிடித்து, அதில் வந்த டீச்சர்மாரை நடுரோட்டில் இறக்கிவிட்டார்கள். அதிலிருந்து அவள் காரில் வருகிறவர்களும் உஷார். திங்கட்கிழமை கண்ணாடியில் புதிய லைசன் இல்லை என்றால் ஏற மாட்டோம் என்று நேரே சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதனாலேயே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போன வருஷம் காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனது கணேஸின் தம்பி வீரசிங்கம். எப்படியோ பாஸ் என்று கடதாசியோடு வந்தான். எப்படி என்று அவள் கேட்கவில்லை. இந்த வருஷம் அவனிடம் கேட்க அவளுக்கு மனசில்லை. வெளிநாட்டு வாகனங்களின் இறக்குமதியை நிறுத்திய காலத்திலிருந்து பழைய காருக்கெல்லாம் கிராக்கி. வீரசிங்கத்தின் கண் கார் மேல் இருப்பது ஊருக்கே தெரியும்.

அன்று பின்னேரமே வத்தேகமவில் சுரேஸின் கராஜுக்குப் போனாள். மலைநாட்டில் டீசல் வாகனம் வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த வழி ஒன்று உண்டு. டெஸ்டுக்கு முதல் நாள் டீசல் பம்பைக் குறைப்பது, பாஸ் ஆனதும் மறுபடி கூட்டுவது. குறைத்தால் புகையும் குறையும், இழுவையும் குறையும். கூட்டினால் இரண்டும் கூடும். வருஷத்தில் ஒரு நாள் நாட்டின் காற்று சுத்தமாக இருக்க வேண்டும், மிச்சம் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் மனுஷன் மலை ஏற வேண்டும். இந்தக் கூத்து அதிகாரிகளுக்கும் தெரியும், மெக்கானிக்குகளுக்கும் தெரியும், தெருநாய்க்கும் தெரியும். எல்லாரும் சேர்ந்து தெரியாதது மாதிரி இருக்கிறார்கள்.

சுரேஸ் பொனட்டைத் தூக்கி எட்டிப் பார்த்தான். "அக்கா, ஒருக்கா எல்லாத்தையும் தொறந்து பாத்துட்டு..."

"ஒண்ணையும் தொறக்காத. பம்ப மட்டும் கொற. போன தடவ தொறந்து பாக்குறேன்னு தொறந்து ரேடியேட்டர் மூடியத் தொலச்சவன் நீ."

"இல்லக்கா, புகை இவ்வளவு வருதுன்னா..."

"சுரேஸ். பம்பு."

அவன் பம்பைக் குறைத்தான். அவள் பக்கத்திலேயே நின்று, அவன் கை வேறு எங்கும் போகாமல் பார்த்துக்கொண்டாள். வேலை முடிந்ததும், பெரிய காரியம் சாதித்தவள் போல் ஏறி உட்கார்ந்தாள்.

புதன்கிழமை மறுபடியும் பரிசோதனை. அதே தகரக் கூரை, அதே கம்பி, அதே மிதி. புகை கொஞ்சம் குறைந்திருந்தது. கம்ப்யூட்டரில் எண்ணும் குறைந்திருந்தது. ஆனாலும் சிவப்பு எழுத்து சிவப்பாகத்தான் வந்தது. நிரோஷன் இந்த முறை ஒரு விசயமும் சொல்ல வரவில்லை. கடதாசியை மேசையில் வைத்துவிட்டு அடுத்த வாகனத்தைக் கூப்பிட்டான். அன்னலட்சுமி அங்கேயே நின்று, கம்ப்யூட்டரை, அதைச் செய்தவனை, அதை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவனை, எல்லாரையும் தமிழிலும் சிங்களத்திலும் ஏசினாள். போதாததற்கு அரபியிலும் இரண்டு வார்த்தை விட்டாள். அது அங்கே யாருக்கும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் வீரசிங்கம் உட்கார்ந்திருந்தான். நல்ல கதிரையில். கண்டியிலிருந்து ஒரு பெட்டி கேக்கோடு.

"அண்ணி, கோவப்படாம கேளுங்க."

"கோவப்படாம கேக்குறதுக்கு நீ என்ன நல்ல சேதியா கொண்டாந்திருக்க?"

கேக் பெட்டியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு அவன் சொன்னான். கார் இருக்கிற நிலையிலேயே எடுக்க ஒரு ஆள் இருக்கிறானாம். அவளுக்கும் ஒரு வழி பார்த்துவிட்டானாம். கண்டியில் ஒரு ஏஜென்சிக்காரரோடு பேசிவிட்டானாம். ஐம்பது வயதுக்குக் கீழே என்றால் இன்னும் எடுப்பார்களாம். "குவைத் ஒங்களுக்குப் புதுசா? ரெண்டே ரெண்டு வருஷம். அண்ணன நாங்க பாத்துக்குறோம். லைசன் இல்லாத கார வச்சிக்கிட்டு என்னா செய்யப் போறீங்க?"

அன்னலட்சுமியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வெள்ளிக்கெழம வரைக்கும் லைசன் இருக்கு. அதுக்குள்ள என்னய பிளேன்ல ஏத்திட்டியா? அண்ணனப் பாத்துக்குறியோ? ரெண்டு வருஷத்துல எத்தன நாள் வந்து பாத்த? விரல் விட்டு எண்ணு. ஒரு கை போதும்."

கணேஸ் வாசலோரத்தில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, இடக்கையால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பியையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. அதுவும் அவளுக்கு எரிந்தது. ஒரு வார்த்தை. 'போக வேணாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அது ஒன்றும் அவ்வளவு நீளமான வசனம் இல்லையே.

வீரசிங்கம் போன பிறகு கேக் பெட்டியை அவள் பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை கார் பழிவாங்கியது. பம்பைக் குறைத்த காரில் டீச்சர்மார் மூன்று பேர், பரீட்சைத் தாள் கட்டுகள், குடைகள். வத்தேகமவிலிருந்து பன்வில வரை எப்படியோ முக்கி முனகி வந்தது. பன்விலவைத் தாண்டி முனியாண்டி கோயில் வளைவில், முதல் கியரிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அவள் மறுபடி ஸ்டார்ட் செய்தாள். நாலு அடி போனது, நின்றது. தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"நாங்க எறங்கி நடக்கிறம் அக்கா" என்றாள் இல்மா டீச்சர். மடவளையிலிருந்து வருகிறவள், மூவரில் இளையவள். வளைவு முடியும்வரை மூன்று பேரும் தாள் கட்டுகளைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு நடந்தார்கள். வெறுங்கார் அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. அவர்கள் மறுபடி ஏறும்போது ஒரு பஸ் ஹோன் அடித்து, முந்தி, வேண்டுமென்றே செய்தது போல் அத்தனை புகையையும் அவர்கள் மேல் விட்டுவிட்டுப் போயிற்று. இல்மா டீச்சர் இருமினாள். வெள்ளைப் பர்தாவில் கரி விழுந்திருந்தது.

பாடசாலை வாசலில் இறங்கும்போது அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். "அக்கா, ஒங்கள விட்டுட்டுப் போகணும்னு எங்களுக்கு இல்ல. நாளைக்கு வரைக்கும் பாக்கிறம். பொறகு வேற வேனுக்குச் சொல்லத்தான் வேணும்."

அன்னலட்சுமி தலையாட்டினாள். அந்தப் பிள்ளையிடம் ஏச அவளுக்கு வாய் வரவில்லை. ஏச முடியாத கோபம் மாதிரி உடம்புக்குக் கேடு வேறு இல்லை.

காரைக் கொண்டுபோய் வழக்கமான இடத்தில் நிறுத்தினாள். ஸ்டோரின் பின்பக்கச் சுவர். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்லுவார்கள். தோட்டத்தில் சமதரையும் காவல்காரனும் சேர்ந்து இருக்கிற இடம் அது ஒன்றுதான். கணேஸ் காலத்திலிருந்து கார் தூங்குவது அங்கேதான். சுவரில் இருக்கும் பெரிய காற்றாடிகள் தேயிலை சலிக்கும் தூசியை நாள் முழுக்க வெளியே தள்ளும். மண்நிறத்தில், பஞ்சு மாதிரி, காருக்கு மேல் படியும். காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

அங்கே ஏசுவதற்கு ஆள் இல்லை. அவள் பொனட்டைத் தூக்கினாள். இத்தனை பேர் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கிழித்தாயிற்று, நானும் பார்க்கிறேன் என்ற வீம்பு. எது எதுவென்று பாதிதான் தெரியும். கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. எஞ்சினுக்குக் காற்று போகிற பெட்டி அதுதான் என்று லைசன் வகுப்பில் படம் காட்டியது ஞாபகம் வந்தது. கிளிப்புகள் துருப்பிடித்துப் போயிருந்தன. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினாள். ஒன்று உடைந்தது. உடையட்டும் என்று மூடியைத் தூக்கினாள்.

உள்ளே இருந்ததைப் பார்த்தால் எயார் ஃபில்டர் மாதிரி இல்லை. தேயிலைத் தூசி ஒட்டி, ஈரத்தில் இறுகி, கால்மிதி போல் தடித்துப்போன ஒரு உருண்டை. விரலால் சுரண்டினாள். தூசிக்குக் கீழே துணி. ஃபில்டரைச் சுற்றி, சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிய துணி. ரப்பரை அறுத்து உரித்தாள். உள்பக்கம் நிறம் இன்னும் மங்காமல் இருந்தது. நீலக் கட்டம். குவைத்திலிருந்து வரும்போது கணேஸுக்கென்று அவள் வாங்கி வந்த சாரம். கிழியும்வரை அதையே இடுப்பில் கட்டினான். கிழிந்த பிறகு அது எங்கே போயிற்று என்று அவள் யோசித்ததே இல்லை.

விளங்குவதற்கு அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காற்றுப் போகிற வாயையே துணியால் கட்டியிருந்தால் கார் எப்படி மலை ஏறும்? எப்படிப் புகை கக்காமல் இருக்கும்? மூன்று நாளாக நிரோஷனோடு சண்டை, சுரேஸோடு சண்டை, ஒரு கம்ப்யூட்டரோடு அரபியில் சண்டை.

சாரத்துண்டைக் கையில் பிடித்தபடி லயத்துக்கு நடந்தாள். நடக்கவில்லை, பறந்தாள். வழியில் கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கணேஸ் வாசலில்தான் இருந்தான். தூரத்திலேயே அவள் கையில் இருப்பதைக் கண்டுவிட்டான். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"இது எத்தன வருஷமா உள்ளுக்குள்ள இருக்கு?"

அவன் வாய் கோணி, சொற்களைத் தேடியது. "ஸ்டோரு... தூசி. ஃபில்டர்... பழுதாகும். சனிக்கெழம... சனிக்கெழம... கழட்டித் தட்டுவேன்."

அப்படியானால் அவன் ஓட்டிய காலத்தில் அது பழுது இல்லை. ஸ்டோர் பக்கத்தில் வாகனம் நிறுத்துகிறவனுக்கு அது ஒரு கெட்டித்தனம். வாராவாரம் கழற்றி, தட்டி, அலசி, மறுபடி கட்டியிருக்கிறான். அவன் விழுந்த அன்றிலிருந்து இரண்டு வருஷமாக அதைத் தட்ட ஆள் இல்லை. அவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"மொத நாள் பெயில்னு வந்தேனே. அப்பவே ஒங்களுக்கு வெளங்கிச்சா?"

ஆமென்று தலையை ஆட்டினான்.

"செவ்வாக்கெழமையே?"

மறுபடியும் ஆட்டினான்.

"அப்பறம் ஏன் சொல்லல?" அவள் சத்தத்துக்கு அடுத்த வீட்டுக் காம்பரா வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. "வாய் இருக்கில்ல? மெதுவாச் சொன்னா என்னா? நான் காத்துக்கிட்டு இருந்திருக்க மாட்டேனா?"

கணேஸின் இடக்கை முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"சொன்னா... நீ... ஏசுவ."

"நேத்து ஒங்க தம்பி என்னய குவைத்துக்கு அனுப்பப் போறேன்னு ஒங்க முன்னுக்குத்தான சொன்னான்? அப்பவாவது சொல்லியிருக்கலாமே. அப்பவும் வாய மூடிக்கிட்டுத்தான இருந்தீங்க."

"அப்ப... ஏச்சு... இன்னும்... கூடும்."

அவள் சாரத்துண்டை ஓங்கித் தரையில் அடித்தாள். தூசி கிளம்பி இரண்டு பேர் முகத்திலும் படிந்தது. ஏச வாயைத் திறந்தாள். அப்போதுதான் பார்த்தாள். கணேஸ் கண்ணை இறுக மூடி, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, வரப்போவதை வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

அப்படி உட்காருவது எப்படி என்று அவளுக்குத் தெரியும். குவைத்தில் வேலைக்குப் போன முதல் வருஷம், மேடத்தின் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று கை தவறி உடைந்தது. உடைந்ததைச் சொல்லாமல் துண்டுகளைத் துணியில் சுற்றி மெத்தைக்கு அடியில் பதினொரு நாள் வைத்திருந்தாள். ஒவ்வொரு நாள் போகப் போக, சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று. முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு ஏச்சோடு போயிருக்கும். பயம் அப்படி யோசிக்க விடாது. அந்த மேடம் அடிக்கிறவள் இல்லை. வாய் மட்டும்தான். அந்த வாயை அன்னலட்சுமி இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் முகம் கழுவினாள். கோபம் போய்விடவில்லை. இருந்த இடத்திலேயே நின்று கொதித்தது. மனுஷனா இவன், பெண்டாட்டி கடல் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, ஏச்சு வாங்காமல் இருந்தால் போதும் என்று இருந்திருக்கிறானே என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள், அவன் இந்த முடிவுக்கு வருகிற அளவுக்கு நான் என்ன ஏசியிருக்கிறேன் என்ற கேள்வியும் சேர்ந்து வந்தது. பதில் அவளிடம் இருந்தது. ரொம்ப நீளமான பதில்.

பள்ளி விட்டதும் டீச்சர்மாரை இறக்கிவிட்டு சுரேஸிடம் போனாள். புதிய ஃபில்டர் போடச் சொன்னாள். பம்பைப் பழையபடி கூட்டச் சொன்னாள்.

"டெஸ்ட் முடியட்டுமேக்கா. பொறவு கூட்டுவோம்."

"இல்ல. மல ஏறுற பம்போடயே பாஸாகட்டும். இல்லாட்டிப் போகட்டும்."

சுரேஸ் பழைய ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் குப்பையில் போட்டான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்கு இரண்டு கொடுத்திருக்கலாம். சொல்லாததுதான் அவளுக்குச் சுட்டது.

வெள்ளிக்கிழமை காலை கார் முனியாண்டி கோயில் வளைவில் இரண்டாம் கியரில் ஏறியது. பின்னால் இருந்த டீச்சர்மார் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. பத்தரைக்குப் பரிசோதனை நிலையம். நிரோஷன் அவளைக் கண்டதும் தோளை ஒருமுறை குலுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். மிதித்தான். சாம்பல் நிறத்தில் மெல்லிய புகை வந்து, கூரைக்குப் போகுமுன்பே கலைந்தது. மறுபடி மிதித்தான். கம்ப்யூட்டரில் பச்சை எழுத்து வந்தது.

"ஹரி, எல்லாம் சரி அக்கே. பாஸ்." கடதாசியைக் கொடுக்கும்போது ஒரு கணம் தயங்கினான். "என்ன செஞ்ச?"

"ஃபில்டர் அடைச்சிருந்திச்சு."

"அதத்தான் அன்னிக்கே சொல்ல வந்தன்" என்றான் அவன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அடுத்த வாகனத்துக்குக் கை காட்டினான்.

வெளியே ரோட்டில் அதே நேரம் ஒரு பஸ் கரும்புகை விட்டுக்கொண்டு போனது. வரிசையில் நின்றவர்கள், இவள் ஏதாவது சொல்லுவாள் என்று திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. அந்த பஸ் செய்வது அநியாயம்தான், அது பாஸ் ஆன விதமும் அநியாயம்தான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நேரம் இல்லை. பிரதேச செயலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, லைசனை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டி, டீச்சர்மாருக்குக் காட்ட வேண்டும். எல்லாம் நடந்தது. இல்மா டீச்சர் அதைப் போனில் படம் எடுத்து, மற்ற இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டு, "திங்கக்கெழம ஆறே முக்காலுக்கு அக்கா" என்றாள். பன்வில சந்தியில் நின்று அன்னலட்சுமி வீரசிங்கத்துக்குப் போன் போட்டாள். கார் விற்பனைக்கு இல்லை, ஆளும் விற்பனைக்கு இல்லை என்று சொல்லி வைத்தாள். அதைச் சொன்னபோது அவளுக்கு நாலு நாளில் முதல் தடவையாக நெஞ்சு குளிர்ந்தது.

லயத்துக்கு வரும்போது நாலரை மணி. மழை விட்டு வெயில் அடித்தது. கணேஸ் வாசலில் உட்கார்ந்திருந்தான். அவள் பரிசோதனைக் கடதாசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். பச்சை எழுத்து அங்கிருந்தே தெரியும். பாஸ் என்று வாயாலும் சொன்னாள்.

அவன் கடதாசியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தான். நெற்றியைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான், வாயைப் பார்த்தான். இன்றைக்கு ஏச்சு ஒன்றும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் இடக்கையைக் கடதாசிக்கு நீட்டினான்.

அன்னலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் தலைக்கேறி, காது அடைத்து, நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. இவ்வளவு பயம் இந்த மனுஷனுக்கு எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, அவள் யாரைப் பிடித்துக் கேட்பது? கடதாசியை அவன் கையில் கொடுத்துவிட்டு, வாசற்படியில் அவன் காலடியில் உட்கார்ந்து, அவன் அதை எழுத்தெழுத்தாக வாசித்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.